விட்டு விட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறு: பழைய வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இன்றும் பழைய கார் அல்லது வேனை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் நடத்தி வருகிறோம். அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றது. மாருதி ஆம்னி 2019-இல் நின்றது. ஆயினும் மண்டிக்கும் கடைக்கும் இடையே மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இவற்றை இன்னும் காண்கிறோம். கடன் தீர்ந்த வண்டி, கை பழகிய வண்டி, உள்ளூர் மெக்கானிக்குக்குத் தெரிந்த வண்டி என்பதால் அதை விட்டுவிட மனம் வருவதில்லை.

இத்தகைய வண்டிகளில் நம்மை அதிகம் அலைக்கழிப்பது விட்டு விட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறுதான். இன்று சாவியைத் திருப்பியதும் எடுக்கும், நாளை எடுக்காது. மெக்கானிக் வந்து நின்றதும் ஒன்றுமே நடக்காதது போல் எடுத்துவிடும். முழுவதும் கெட்டுப்போன சாமானைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறைப் பிடிப்பதுதான் கடினம். காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டில் இருக்க வேண்டியவர் ஆறு மணிக்குப் போனால் நல்ல சரக்கு கைமாறியிருக்கும். அன்றைய வியாபாரமே கெட்டுவிடும்.

அந்த ஆத்திரத்தில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பேட்டரியை மாற்றுகிறோம். பத்து நாள் நன்றாக ஓடுகிறது, மறுபடி நின்றுவிடுகிறது. பிறகு செல்ப் மோட்டார், பிறகு சாவி சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செலவழிக்கிறோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளக்காமலே போடுகிறோம். நாற்பது ஆண்டுகளாகக் கடைக்கு வண்டி வைத்து ஓட்டியதில் நாங்கள் கற்றதை இங்கே பாடமாகத் தருகிறோம். நம்மை மெக்கானிக் ஆக்குவது இதன் நோக்கமன்று. மெக்கானிக்கிடம் சரியான விவரம் சொல்ல நமக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

கணக்கில் வித்தியாசம் தேடுவது போல

ஐந்தொகை எடுக்கும்போது வித்தியாசம் வந்தால், பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து யாரும் திருத்தி எழுதத் தொடங்குவதில்லை. வித்தியாசத் தொகை என்ன என்று முதலில் பார்ப்போம். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று ஊகிப்போம். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9 அல்லவா? இரண்டால் வகுபட்டால், அதில் பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். தவறு எப்படிப்பட்டது என்பதே, அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

வண்டியும் அப்படியே. அது எடுக்காத நேரத்தில் என்ன சத்தம் வந்தது, விளக்கு எப்படி இருந்தது, வெயிலா மழையா என்ற விவரங்களே கோளாறின் இருப்பிடத்தைச் சொல்லும். கோளாறு இருக்கும் நிமிடத்தில் கவனிப்பதுதான் சோதனை. எடுத்துவிட்ட பிறகு பார்த்தால் எல்லா அளவும் சரியாகத்தான் இருக்கும்.

மின்சாரம் போகும் வழி

சாவியைத் திருப்பியதும் சிறிதளவு மின்சாரம் மெல்லிய வயர் வழியாக சாலினாய்டுக்குப் போகிறது. சாலினாய்டு என்பது ஒரு காந்த சுவிட்ச். அது 'டக்' என்ற சத்தத்துடன் இழுத்து, பேட்டரியின் தடித்த கேபிளைச் செல்ப் மோட்டாருடன் இணைக்கிறது. மோட்டாரின் சிறிய பல்சக்கரம், இன்ஜின் ஃப்ளைவீலின் ரிங் கியரோடு கோத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றுகிறது. மின்சாரம் இன்ஜின் உடம்பு வழியாகவும், எர்த் வயர் வழியாகவும் பேட்டரியின் நெகடிவ் முனைக்குத் திரும்புகிறது. இவ்வளவும் நடந்து இன்ஜின் சுற்றினால், அதன்பின் பெட்ரோலும் பொறியும் சரியான நேரத்தில் வந்தால் வண்டி எடுக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும், நாம் சொல்வது 'வண்டி எடுக்கலை' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல் போதாது. எடுக்காத விதங்கள் நான்கு உண்டு.

நான்கு அறிகுறிகள்

1. சத்தமே இல்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' கூட வரவில்லை. உள் விளக்கும் மங்கவில்லை. செல்ப் மோட்டாருக்குப் போகும் உத்தரவே போய்ச் சேரவில்லை என்று பொருள். சாவி சுவிட்ச், அங்கிருந்து சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர், அதன் முனை, சாலினாய்டு சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள் விளக்கு முதலிலேயே எரியவில்லை என்றால் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம், அல்லது பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கலாம்.

2. 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டக டக டக' என்று தொடர் சத்தம். தொடர் சத்தம் என்றால் பேட்டரி பலம் போதவில்லை அல்லது இணைப்பு சரியில்லை. சாலினாய்டு இழுக்கிறது, பாரம் ஏறியதும் வோல்ட் விழுந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு பலமான 'டக்' மட்டும் வந்து, பேட்டரியும் நன்றாக இருந்தால், சாலினாய்டின் உள் காண்டாக்ட் அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் பிரஷ் மேல் சந்தேகம் வலுக்கும். பிரஷ், ஆர்மேச்சரின் தேய்ந்த இடத்தில் நிற்கும் நாளில் எடுக்காது. நல்ல இடத்தில் நிற்கும் நாளில் எடுக்கும்.

3. மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை. 'விர்' என்று வெறும் சுற்று, அல்லது பல் உரசும் கரகர சத்தம். முதலாவது பெண்டிக்ஸ் பழுது. இரண்டாவது ரிங் கியர் பல் தேய்மானம். நான்கு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போது அது பெரும்பாலும் ஏறத்தாழ இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே அந்த இரண்டு இடத்துப் பற்களே மீண்டும் மீண்டும் அடிபட்டுத் தேய்கின்றன. அந்த இடத்தில் நின்றால் எடுக்காது. சற்றுத் தள்ளி நின்றால் எடுக்கும். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு முழம் அசைத்து, பிறகு நியூட்ரலில் வைத்துத் திருப்பினால் எடுக்கிறது என்றால் கோளாறு இங்கேதான்.

4. இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. இங்கே பேட்டரிக்கும் செல்ப் மோட்டாருக்கும் வேலை இல்லை. பொறி அல்லது எரிபொருள் வரவில்லை. இந்த நிலையில் பேட்டரி மாற்றுவது, அரிசி எடை குறைந்ததற்குக் கடைப் பலகையை மாற்றுவது போன்றது.

மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றுவது இரண்டாவது வகையின் தம்பி. அதற்கும் பேட்டரி, இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

'விளக்கு நன்றாக எரிகிறதே?'

நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விளக்கு எரிவதால் பேட்டரியும் இணைப்பும் நன்றாக இருக்கின்றன என்று முடிவு கட்டக் கூடாது. 55 வாட் முகப்பு விளக்கு ஒன்றுக்குத் தேவை சுமார் 4.6 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து பத்துக்குள். செல்ப் மோட்டாருக்கோ 100 முதல் 200 ஆம்பியர் வரை தேவை.

டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் படிந்து 0.02 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் விளக்குக்கு அங்கே இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் மோட்டாருக்கு அதே இடத்தில் இழப்பு 3 வோல்ட், மோட்டார் திணறிவிடும். ஒரு சந்தில் சைக்கிள் தாராளமாகப் போகிறது என்பதால் லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா?

ஆகவே விளக்கை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். உள் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு கொஞ்சமும் மங்காமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. விளக்கு அணைந்தே போனால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் தளர்ச்சி, அல்லது மோட்டார் இறுகிப் போயிருக்கிறது. செலவில்லாத சோதனை இது. இருட்டில் தனியாக இருக்கும்போதும் செய்யலாம்.

எப்போது வருகிறது?

சத்தத்துக்கு அடுத்தபடி நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

இரவு முழுவதும் நின்று அதிகாலையில் எடுக்கவில்லை என்றால்: பேட்டரியின் வயது, மின்கசிவு, சோக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டீசல் வண்டியானால் ஹீட்டர் பிளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீசலில் கைப் பம்பை அடித்தால் மட்டும் உடனே எடுக்கிறது என்றால், லைனில் எங்கோ காற்று நுழைகிறது.

ஓடி நின்ற கால் மணி நேரத்தில் எடுக்கவில்லை, ஆறிய பின் எடுக்கிறது என்றால்: இது சூட்டுக் கோளாறு. செம்புக் கம்பியின் தடை, ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏற ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் சுமார் 24 சதவீதம் கூடிவிடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சாலினாய்டு அந்நேரத்தில் இழுக்கும் பலம் குறைந்து நிற்கும். இன்ஜின் சுற்றியும் பற்றவில்லை என்றால், இக்னிஷன் காயில் சூட்டில் விட்டுப்போகிறதா, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போட்டதும் எடுத்தால் விடை கிடைத்துவிட்டது.

மழை நாளில் மட்டும் எடுக்கவில்லை என்றால்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசலும் ஈரமும் உண்டா, பிளக் வயர்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினைச் சுற்றும்போது, வயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பழைய பாயிண்ட் வைத்த வண்டிகளில், எந்த நேரத்திலும் காரணமின்றி எடுக்காமல் போனால் சி.பி. பாயிண்டையும் கன்டென்சரையும் பாருங்கள். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். பின்னாளில் வந்த இன்ஜெக்ஷன் வண்டியானால், சாவியை 'ஆன்' செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காத நாளும் எடுக்காத நாளும் ஒன்றானால், பம்பையும் அதன் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக் கோளாறு

எங்கள் பகுதி மளிகை வணிகர் ஒருவரின் பழைய வேன், திங்கட்கிழமை காலையில் மட்டும் எடுக்காது. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு கடை விடுமுறை. டிரைவர் முதலாளிக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போகிறார், அல்லது விளக்கை அணைக்காமல் விட்டுப் போகிறார் என்று சந்தேகம் வந்துவிட்டது. எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடும் பேச்சு வரை போயிற்று.

நாங்கள் அவரிடம் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, கல்லாவில் பணம் குறைந்தால், பையனைக் கேட்பதற்கு முன்னால் நாம் ஒரு தடவை கூட்டிப் பார்க்க மாட்டோமா? இந்தச் சனிக்கிழமை இரவு பேட்டரியின் நெகடிவ் வயரை நீங்களே கழற்றி வையுங்கள். திங்கட்கிழமை மாட்டி எடுத்துப் பாருங்கள்."

திங்கட்கிழமை வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டிக்குள் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு எலக்ட்ரீசியன் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, நெகடிவ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் பிடித்தார். மங்கலாக எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், உள் விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் லேம்ப் அணைந்தது. பின்கதவு சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சரக்கு வைக்கும் இடத்து விளக்கு, கதவைச் சாத்தியும் எரிந்துகொண்டிருந்தது. மூட்டைகள் மறைத்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

கணக்கைப் பாருங்கள். 10 வாட் பல்பு சுமார் 0.83 ஆம்பியர் எடுக்கும். வார நாளில் இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை 7 மணி நேரம். இழப்பு சுமார் 6 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்கிவிடும். சனி இரவு 9 முதல் திங்கள் காலை 4 வரை 31 மணி நேரம். இழப்பு சுமார் 26 ஆம்பியர்-மணி. பேட்டரி எழுந்திருக்குமா? ஒரு சின்ன சுவிட்சுக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிருக்கும். அந்த டிரைவர் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறார்.

வண்டிக்கு ஒரு நாள் குறிப்பு

டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வண்டி எடுக்காத ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்டவற்றை அப்போதே எழுதச் சொல்லுங்கள்: தேதி, கிழமை, மணி, வண்டி எவ்வளவு நேரமாக நின்றிருந்தது, இன்ஜின் சூடா, ஆறியதா, மழையா, வெயிலா, மேற்சொன்ன நான்கில் எந்த அறிகுறி, உள் விளக்கு என்ன ஆயிற்று, கடைசியில் என்ன செய்ததும் எடுத்தது. ஆறேழு பதிவு சேர்ந்தாலே ஓர் ஒழுங்கு தெரியும். மெக்கானிக்கிடம் வண்டியை மட்டும் விடாமல், இந்த நோட்டையும் கொடுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு வாங்கிப் படிப்பார்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

முதலில் டெர்மினல்கள். நெகடிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பூஞ்சணத்தை, நம் கடையிலேயே விற்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவலாம். கரைசல் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஈயம் பளிச்சென்று தெரியும்படி தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

அடுத்து எர்த் வயர். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள பின்னல் பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியே திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கேபிள் சூடானால் எர்த் வயர்தான் குற்றவாளி.

மூன்றாவது அளவுகள். மல்டி மீட்டர் ஒன்று கடையில் இருப்பது நல்லது. சில மணி நேரம் ஓயவிட்ட நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. இன்ஜினைச் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்த செல் பழுது.

நான்காவது இணைப்பு இழப்பு. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயத் தலையிலும் அதன் கிளாம்பிலும் வைத்துப் பார்க்கட்டும். அங்கே வோல்ட் காட்டினால் அந்த இணைப்பில்தான் இழப்பு. பாசிடிவ் தலையிலிருந்து மோட்டார் முனை வரை மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

இந்த நான்கும் சரி என்று தெரிந்த பிறகே செல்ப் மோட்டாரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றினால், பழுதான பிரஷையும் காண்டாக்டையும் கண்ணால் பார்த்த பின்பே புது மோட்டாருக்குச் சம்மதியுங்கள்.

செய்யக் கூடாதவை

சாலினாய்டை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் மார்க்கெட்டுகளில் உண்டு. வண்டி கியரில் இருந்தால் எதிரே நிற்பவர் மேல் ஏறிவிடும். வேண்டவே வேண்டாம்.

லாரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெரும்பாலான லாரிகளில் 24 வோல்ட். நம் வண்டி 12 வோல்ட். 12 வோல்ட் வண்டியிலிருந்து எடுக்கும்போதும், கடைசியாக மாட்டும் நெகடிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கும். பீடி, சிகரெட்டும் அருகே கூடாது.

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, பம்ப் அடிக்காமல் ஒரு முறை முயலுங்கள். லோடு ஏற்றிய வண்டியைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆபத்து. இன்ஜின் ஓடாதபோது பவர் பிரேக் உதவி கிடைக்காது.

முடிவாக, மூன்றே விதிகள்: கோளாறு இருக்கும் நேரத்தில் கவனியுங்கள், கவனித்ததை எழுதுங்கள், சோதித்துப் பார்க்காமல் சாமானையும் மாற்றாதீர்கள், ஆளையும் மாற்றாதீர்கள். வரும் ஞாயிறு விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்கி, டெர்மினலையும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள். அன்றைக்கே நோட்டையும் வண்டியில் வைத்துவிடலாம்.